துரை குளிக்கிற நேரம்

வாசல் பக்கம் வேண்டாம், கொல்லை வழியாக வாங்க. வாசலில் நடப்பது தாமல் ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். உள்ளே ஒரு கட்டையின் மேல், நாலு காலையும் தொங்கவிட்டபடி, மூக்கிலிருந்து வால் நுனி வரை ஐந்தடிக்கு ஒரு பச்சை ஜீவன் படுத்திருக்கும். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். பிள்ளைகள் "ஹோ!" என்று கத்துவார்கள். கண் மூடிக்கொள்ளும். மொத்தக் காட்சியும் அவ்வளவுதான். தினமும் ஹவுஸ்ஃபுல்!

நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஜன்னலோர இடம் இல்லை. பின்கட்டுக்குள் நுழைய அனுமதி! அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தப் பச்சை ஜீவன், அதாவது துரை, குளிக்கிற நேரத்தில். நண்பர் ஒருவரின் சிபாரிசும் அந்த வீட்டு ஆயாவின் பெரிய மனசும் சேர்ந்து வேலை செய்தன. ஒரே நிபந்தனை, வீட்டுக்காரர்கள் பெயரைப் போடக்கூடாது. "பேரைப் போட்டா ஜனம் தேடிக்கினு வந்துடும் தம்பி. அப்பறம் தறியில யாரு உக்கார்றது?" என்றார் வீட்டுக்கார அண்ணன். நியாயம்தான். துரையின் பெயரை மட்டும் தாராளமாகப் போடலாமாம். அவரிடம் கேட்டுவிட்டார்களாம்.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர்ப் பக்கம் போகும்போது, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி வருகிற ஊர் தாமல். மாவட்டத்துப் பெரிய ஏரிகளில் ஒன்று இந்த ஊருடையது. பஸ்ஸில் போகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். இறங்கி உள்ளே நடந்தால்தான் தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய், முருங்கை மரம் இருக்கிற வீட்டில் திரும்பி, படலைத் தள்ளினால் நாம் வந்த இடம்.

அடேயப்பா, என்ன சாமான்! உடைந்த ஜக்கார்டு அட்டைகள் ஒரு மூலையில். பாதி அறுத்த சின்டெக்ஸ் டேங்க் ஒன்று. கோணிச் சாக்கு காயப்போட்ட கொடி. பழைய படமரத்தில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, சாய்வாக நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணனின் தாத்தா நெய்த சேலைகளைச் சுருட்டிய கட்டை அது. இப்போது துரை வெயில் காயும் சிம்மாசனம். அதைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கோழிவலைக் கூண்டு. கூண்டின் கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு. "ஒண்ணு அவருக்கு, ஒண்ணு பூனைக்கு" என்று விளக்கம் சொன்னாள் எட்டாவது படிக்கும் பாப்பா. துரையின் மந்திரி, சமையல்காரி, டாக்டருக்கு உதவியாளர் எல்லாம் அவள்தான்.

துரை ஓணான் இல்லை, பச்சோந்தி இல்லை, உடும்பும் இல்லை. தெருவில் மூன்று பெயரும் புழங்குகின்றன. அவர் பச்சை இகுவானா. சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து பிரேசில், பராகுவே வரைக்கும் நீளும் வெப்பக் காடுகள். ஆற்றின் மேல் சாய்ந்த கிளையில் படுத்துக்கொண்டு இலை தின்பதுதான் அங்கே இவர்களின் தொழில். ஆபத்து வந்தால் அவ்வளவு உயரத்திலிருந்தும் தொப்பென்று தண்ணீரில் குதித்துவிடுவார்கள். உருவத்தைப் பார்த்து எலி, கோழி எல்லாம் விழுங்குவார் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சுத்த சைவம்.

இங்கே எப்படி வந்தார்? வீட்டுப் பிள்ளை காலேஜ் படிக்கும்போது சென்னையில் ஒரு கடையில் வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். அப்போது வாலைக் கழித்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற சைஸ். "இன்னாடா இது, பல்லியைப் போயி காசு குடுத்து வாங்கியாந்திருக்க? நம்ம ஊட்டுச் செவுத்துல சும்மாவே ஓடுதே" என்று ஆயா கேட்டாராம். பிள்ளை இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். துரைக்கு ஏழு வயது, நாலு கிலோ எடை. நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருஷம் இருப்பார். வாங்கினவன் வாட்ஸ்அப்பில் இதயம் அனுப்புகிறான், மற்றதெல்லாம் இங்கே நடக்கிறது.

காலை ஏழரை. சமையல் நடக்கிறது, அதையும் எட்டிப் பார்ப்போம்.

துரைக்குத் தனி அரிவாள்மணை, தனிப் பலகை, தனித் தட்டு. பாப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவுகிறாள். அடுத்து செம்பருத்தி இலை, மேலே நாலு செம்பருத்திப் பூ. பரங்கிக்காய்த் துருவல் ஒரு கைப்பிடி. பப்பாளி ரெண்டே துண்டு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்பதால். கடைசியில் வெள்ளைத் தூள் ஒன்றைச் சிட்டிகை எடுத்துக் கோலப்பொடி தூவுகிற லாகவத்தில் தூவுகிறாள். கால்சியம். "பாலக் தினம் குடுக்கக் கூடாதுண்ணா. அது கால்சியத்த உடம்புல சேர வுடாது. முட்டை, கறி எதுவும் ஆகாது. கிட்னி போயிடும்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

தட்டின் நடுவில் இன்னொரு இலையும் இருந்தது, பெரிதாக, ஓரம் பல்பல்லாக. மல்பெரி! காஞ்சிப் பட்டுக்கு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து. புழு வளர்ப்பதும் மல்பெரி பயிரிடுவதும் இந்தத் தெருவுக்குச் சம்பந்தமில்லாத வேலை. தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்கிற வீட்டில் முதல்முதலாக ஒரு மல்பெரிச் செடியை நட்டிருக்கிறார்கள், அதுவும் ஓர் இகுவானாவுக்காக! கிணற்றடியில் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. அண்ணன் அதைக் காட்டும்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்கவே இங்கு வந்திருக்கலாம்.

அடுப்படியிலிருந்து ஆயா எட்டிப் பார்த்தார். கையில் கிண்ணம், கிண்ணத்தில் கோயில் இட்லி. வரதராஜப் பெருமாள் பிரசாதம், மிளகும் சுக்கும் மணக்கிறது. "இத்தினூண்டு குடுத்தா இன்னா ஆயிடும்? பெருமாள் பிரசாதம்டி." பாப்பா கையை விரித்து வழியை மறித்தாள். "ஆயா! மாவு ஆகாது, உப்பு ஆகாது, போன தடவையே சொன்னேன்." பேச்சுவார்த்தை முறிந்தது. இட்லி நம்மிடம் வந்தது. நமக்கு எந்தத் தடையும் இல்லை.

சாப்பிடுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமே! முதலில் நாக்கு வந்தது. ரோஜா நிறத்தில், தடித்து, முனை மட்டும் சற்று அடர்ந்து. பூவைத் தொட்டுப் பார்த்தது. உள்ளே போனது. மறுபடி வந்தது. ஒரு முடிவுக்கு வந்தபின் தலையைச் சாய்த்து, செம்பருத்திப் பூவை ஒரே வாயில் கவ்வினார். மென்று தின்கிற பழக்கம் கிடையாது, கடித்துப் பிய்த்து விழுங்குவதுதான். அடுத்த பூ. அதற்கடுத்த பூ. நாலு பூவும் தீர்ந்த பிறகுதான் கீரையின் பக்கம் திரும்பினார். பாயசத்தை முதலில் முடித்துவிட்டுச் சோற்றைத் தொடுகிற ரகம். திடீரென்று "ஃப்ச்!" கண்ணாடி டம்ளர் மேல் பொடிப்பொடியாக வெள்ளைத் துளி தெறித்தது.

தும்மல்! ஆரம்பத்தில் ஆயா இதைச் சளி என்று நினைத்து ஓமம் வறுத்து முகர வைக்கப் பார்த்தாராம். சளி இல்லை, உப்பு. உடம்பில் மிஞ்சும் உப்பை மூக்கில் இருக்கிற சுரப்பி வழியாகத் தும்மித் தள்ளிவிடுகிற ஏற்பாடு இவர்களுக்கு இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி முழுக்க காய்ந்த உப்புப் பொட்டுகள். வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. தினமும் ஈரத்துணியால் துடைக்கிற அண்ணிக்குத்தான் தெரியும்.

அண்ணி இருக்கிற இடம் தறிக்கூடம். வாங்க, மெல்ல. வாசலில் இடுப்பளவுக்கு ஒரு பிளைவுட் தடுப்பு. தாண்டித்தான் போக வேண்டும். குழித்தறியில் மாம்பழ மஞ்சளில் உடல், அரக்குக் கரை. கோர்வைச் சேலை என்பதால் அண்ணன் நெய்யும்போது பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து கரைப்பக்க நாடாவைத் தள்ள வேண்டும். அந்த வேலை அண்ணியுடையது. தடுப்பு எதற்கென்று கேட்டதும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

துரைக்கு ரெண்டு வயது இருக்கும்போது ஒரு சாயங்காலம் கூண்டைத் தாண்டி வந்துவிட்டாராம். விரித்துக் கட்டிய பாவு, விறைப்பாக, உயரத்தில். ஏற வேண்டும் என்று தோன்றாதா? ஏறினார். ஒவ்வொரு விரலிலும் கொக்கி நகம். நடுவில் போனதும் பயம் வந்துவிட்டது, உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். எடுக்கப் போன அண்ணனின் முழங்கையில் வாலால் ஒன்று வைத்தார். பம்பரத்துச் சாட்டை சுண்டினமாதிரி ஒரே விளாசு, சிவப்பாகக் கோடு விழுந்துவிட்டது. "இழை டப்பு டப்புனு அறுவுற சத்தம் எனக்கு இன்னிக்கும் காதுல கேக்குது. முகூர்த்தச் சேலை தம்பி அது!" ராத்திரி முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டார்கள். விடிந்ததும் முதல் வேலையாக பிளைவுட் வாங்கப் போனார் அண்ணன். "இதைத் தூக்கிக்கினு போயி எங்கியாவது வுட்டுடறேன்னு சொல்லிக்கினேதான் போனாரு" என்று அண்ணி போட்டுக் கொடுத்தார். "சொன்னேன். வுட்டேனா?" என்றார் அண்ணன்.

விடாதது நல்லதாகப் போயிற்று. தாமல் ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று ஃப்ளோரிடாக்காரர்களைக் கேட்க வேண்டும். வளர்க்க முடியாமல் விட்டதும் தப்பித்ததுமாகச் சேர்ந்து, இன்றைக்கு அங்கே தோட்டம் முழுக்க இகுவானா. கடுங்குளிர் அடித்தால் விறைத்துப்போய் மரத்திலிருந்து விழும். 2020 ஜனவரியில் வானிலை அலுவலகமே "இகுவானா விழலாம், பயப்படாதீர்கள்" என்ற தோரணையில் அறிவிப்பு விட்டது. சிங்கப்பூர், தைவானிலும் இவர்கள் குடியேறிவிட்டார்கள். கட்டுமரம் ஏறவும் தயங்காத ஜாதி. 1995-இல் கரீபியன் கடலில் புயல் அடித்தபோது, வேரோடு சாய்ந்து மிதந்த மரங்களின் மேல் உட்கார்ந்தபடி ஒரு கூட்டம் அங்குவில்லா தீவில் போய் இறங்கியது. குறைந்தது பதினைந்து பேர். அந்தத் தீவில் அதற்குமுன் பச்சை இகுவானாவே கிடையாது. விஞ்ஞானிகள் 1998-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இப்படிப்பட்ட வம்சத்துக்குத் தாமல் ஏரி எம்மாத்திரம்!

சட்டமும் சும்மா விடாது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தியபோது, சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரியில் விதிகள் வெளியாயின. அப்போது வீட்டில் வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டியிருந்தது. குட்டி போட்டாலும், கைமாறினாலும், செத்தாலும் சொல்ல வேண்டும். பாப்பா செல்போனிலேயே விண்ணப்பத்தைப் போட்டாள். அந்தக் காகிதம் பாலிதீன் கவரில், பீரோவில், ரேஷன் கார்டோடு இருக்கிறது. "குடும்ப அட்டையிலதான் இன்னும் சேக்கல" என்றார் அண்ணி. நம்ம ஊர் உடும்பு கதை வேறு. அது முதல் அட்டவணை உயிரினம். பிடித்தாலோ வளர்த்தாலோ நேராக ஜெயில்தான், பதிவெல்லாம் கிடையாது. ஏரிக்கரையில் பார்த்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது உத்தமம்.

பீரோ என்றதும் ஒரு விஷயம். அதன் கண்ணாடி மேல் பழைய துண்டு ஒன்று ஆணி அடித்துத் தொங்குகிறது. பொங்கல் நெருங்கும்போது துரைக்கு மாப்பிள்ளைப் பருவம் வந்துவிடும். பச்சை போய் முன்னங்கால், தோள் எல்லாம் ஆரஞ்சு ஏறும். போன வருஷம் அந்தச் சமயத்தில் கண்ணாடியில் இன்னொரு ஆண் இகுவானா இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். தாடைக்குக் கீழே உள்ள தோல்பையை விரித்து, தலையை மேலும் கீழும் ஆட்டி மிரட்டினார். எதிராளியும் மிரட்டினான். பகல் முழுக்க சண்டை, ராத்திரி படுக்கை, விடிந்ததும் மறுபடி சண்டை. சோறு தண்ணீர் இல்லை. ஆயாதான் துண்டை மாட்டி ராஜி செய்து வைத்தார். அதிலிருந்து இந்த வீட்டில் தலை வாரிப் பொட்டு வைக்க வேண்டும் என்றால் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வைக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அண்ணியின் பொட்டு புருவத்துக்கு மேலே போனது இதனால்தான்.

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. கொல்லைக்குப் போவோம்.

காலை வெயில் துரைக்கு மருந்து. இதைத் தெரிந்துகொள்ள வீட்டார் கொடுத்த விலை அதிகம். முதல் வருஷம் கண்ணாடித் தொட்டியில் வைத்து, வெள்ளரிக்காயை நறுக்கி நறுக்கிப் போட்டார்கள். ஜன்னலோரம் வெளிச்சமும் வந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நாளில் தாடை கொழகொழவென்று ஆனது, கால் நடுங்கியது. மெட்ராஸில் மருத்துவரைத் தேடிப் போனபோதுதான் புரிந்தது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால்தான் உடம்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும். வெள்ளரியில் தண்ணீரைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றைக்கே தொட்டி பரணில் ஏறியது, கோழிவலை வந்தது. மழைக்காலத்துக்கென்று தனி விளக்கு உண்டு. "தறிக்கு ஒரு பல்பு, இதுக்கு மூணு பல்பு" என்பது ஆயாவின் நிரந்தரப் புகார். அக்னி நட்சத்திரத்தில் நிலைமை தலைகீழ். இவருக்குச் சூடு வேண்டும், ஆனால் காற்றில் ஈரமும் வேண்டும். காட்டிலிருந்து வந்த உடம்பு அல்லவா? அதற்குத்தான் கோணிச் சாக்கு. நனைத்துக் கூண்டைச் சுற்றிக் கட்டுவது, காய்ந்தால் மறுபடி நனைப்பது. மார்கழி ராத்திரியில் நேர் எதிர் வேலை. கரண்ட் போனால் ஆயாவின் கம்பளி துரைக்குப் போகும். ஆயா முணுமுணுப்பார், ஆனால் கொடுத்துவிடுவார்.

கூண்டுக்குப் பக்கத்தில் போனதும் அண்ணன் நம்மைத் தடுத்து நிறுத்தினார். "மேலருந்து கை கொண்டாராதீங்க. அவருக்கு மண்டையில ஒரு கண்ணு இருக்குது." வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கண்களுக்கும் நடுவே, உச்சியில், வெளிறிய ஒரு செதில். அரிசியளவு கூட இல்லை. குனிந்து உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. உருவம் எதுவும் தெரியாத கண் அது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். காட்டில் பருந்து மேலே வட்டமிட்டால் முதலில் எச்சரிப்பது அதுதான். பாப்பா தன் உள்ளங்கையை அவருக்கு மேலே உயரத்தில் காட்டி மெல்ல நகர்த்தினாள். நிழல் உச்சியைத் தொட்ட கணம் உடம்பு தட்டையாக அமுங்கியது! கண் அசையவில்லை, தலை திரும்பவில்லை. சிவபெருமானுக்கு அடுத்தபடியாக நெற்றிக்கண் உள்ள ஆளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

சாமி பேச்சு வந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி சுவருக்கு மேலே தலையை நீட்டினார். காத்துக்கொண்டே இருந்திருப்பார் போலிருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் விதானத்தில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இருப்பதும், படியேறி அதைத் தொட்டுக் கும்பிட்டால் தோஷம் போகும் என்பதும் ஊரறிந்த சங்கதி. பாட்டிக்கு அதில் தீராத சந்தேகம் ஒன்று. "பல்லி தலையில வுழுந்தா ஒரு பலன், தோள்ல வுழுந்தா ஒரு பலன்னு பஞ்சாங்கத்துல போட்டுருக்கான். இது வுழுந்தா இன்னா பலன்னு எவனாவது போட்டுருக்கானா?" ஆயா இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். "நாலு கிலோ தலையில வுழுந்தா பலன் கேக்க நீ இருக்க மாட்ட." இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததில் துரை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

இப்போது அந்த நேரம். குளியல்!

அண்ணன் பனியனோடு தயாரானார். தூக்குவதற்கு முறை இருக்கிறது. வலது கையை மார்புக்கு அடியில் கொடுத்து முன்னங்கால்களுக்கு நடுவே தாங்க வேண்டும். பின்பகுதி முழங்கையில் படுக்க வேண்டும். வாலைத் தன் அக்குளில் செருகிக்கொள்ள வேண்டும். ஆயுதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் பாதி ஜெயித்த கணக்கு. வாலை இழுத்துவிடக் கூடாது, துண்டாகிவிடும். இளம்வயதில் போனால் மறுபடி முளைக்கும், ஆனால் பழைய அழகு வராது. துரை எதிர்ப்பெல்லாம் தெரிவிக்கவில்லை. ஐந்து விரலும் அண்ணனின் தோளில் பதிந்தன. பனியனில் எத்தனை ஓட்டை என்று அப்போதுதான் கவனித்தேன். "இவருக்குன்னு ஒதுக்குன பனியன்" என்றார்.

அறுத்த சின்டெக்ஸில் வெதுவெதுப்பான தண்ணீர். இறக்கியதும் ஒரு நொடி அப்படியே மிதந்தார். பிறகு நாலு காலையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, வாலை மட்டும் இடமும் வலமும் வளைத்து, தொட்டியை ஒரு சுற்று வந்தார். இந்த அழகு ஜன்னலில் தெரியவே தெரியாது. இவ்வளவு நேரம் கட்டையோடு கட்டையாகக் கிடந்த உடம்பில் இத்தனை நெளிவா! முதுகு முள் வரிசை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. கழுத்துச் செதில்கள் நனைந்ததும் பச்சைக்குள் ஒரு நீலம் தெரிந்தது. கன்னத்தில் இருக்கும் பெரிய வட்டச் செதில் முத்தாக மின்னியது. "ஆஹா" என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடுவதற்குள் தொட்டியின் நடுவில் இகுவானா குளியலின் உண்மையான நோக்கம் நிறைவேறிவிட்டது.

ஆமாம். துரைக்குத் தண்ணீரில் இறங்கினால்தான் வரும். குளியல் என்று நாம் சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். அண்ணன் சட்டென்று அவரைத் தூக்கிவிட்டார். பாப்பா துண்டோடு ஓடிவந்தாள். ஆயா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் மறைந்தார். தினமும் கீரை தின்கிற நாலு கிலோ உடம்பு, அளவைப் பற்றி நான் எழுதவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

துண்டைத் தலைமேல் போட்டுக் கண்ணை மறைத்ததும் ஆள் அடங்கிவிட்டார். அந்த இடைவெளியில் நகம் வெட்ட வேண்டும். அண்ணி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிடித்தார். தறியில் ஒற்றை இழையை எடுக்கிற அதே விரல்கள். நகவெட்டியால் நுனியை மட்டும் 'டிக்' என்று நறுக்கினார். கொஞ்சம் உள்ளே போனால் ரத்தம் வரும். பின்னங்காலில் ஒரு விரல் மட்டும் மற்றதைவிட நல்ல நீளம். அதைப் பிடிக்கும்போது அண்ணி, "இந்த வெரல்தான், பாவுல மாட்டினது" என்று சொல்லிவிட்டு அதை மெல்லத் தடவிக் கொடுத்தார். தோள் பக்கம் பழைய தோல் வெள்ளையாக உரிந்து தொங்கியது. பாப்பா பிய்க்கப் போனாள். "வுடுடி, அதுவா வரும்" என்று ஒரு அதட்டு.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவும் வரிசை. யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. ஊர்வன உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், நோய் காட்டாமலே அது பரவும். அதனால் தொட்டியை வேறு எதற்கும் தொடுவதில்லை, அவர் தட்டு அடுப்படித் தொட்டிக்கு வராது.

இத்தனையும் எதற்கு என்று கேட்டுவிட்டேன். நாய் என்றால் வாலாட்டும், பூனை காலைச் சுற்றும். இவர் என்ன செய்கிறார்? அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணியும் செய்ய மாட்டாரு தம்பி. நான் வந்தா மொறைக்க மாட்டாரு, அவ்ளோதான். மத்தவங்க வந்தா மொறைப்பாரு." அந்த 'அவ்ளோதானில்' இருந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க ஆசை என்றால் கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேகர் 1976-இல் மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. டிக்கெட் வாங்கி, பார்த்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கடையில் உள்ளங்கை சைஸில் பார்த்து மயங்குகிறவர்கள் முதலில் இந்தக் கொல்லையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றுவிட்டுப் போக வேண்டும்.

செல்போன் அலறியது. பெங்களூர் வீடியோ கால். "துரையைக் காட்டு, துரையைக் காட்டு" என்கிறான் பிள்ளை. ஆயா போனை வாங்கி நேராகத் தொட்டித் தண்ணீருக்குக் காட்டினார். "இத மொதல்ல பாரு. இது ஒன் பங்கு." அந்தப் பக்கம் சிக்னல் போய்விட்டதாம்!

வெயில் உச்சிக்கு வந்தது. துரை படமரத்தில் ஏறி நாலு காலையும் தொங்கவிட்டார். சரி, தொட்டியை யார் கழுவுவது? பாப்பாவுக்குத் திடீரென்று டியூஷன் ஞாபகம் வந்தது. அண்ணி தறிக்கூடத்துக்குள் தடுப்பைத் தாண்டியாகிவிட்டது. ஆயாவின் முழங்கால் வலி உடனே ஆரம்பித்தது. அண்ணன் நாலா பக்கமும் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். மூலையிலிருந்த பிரஷ்ஷை எடுத்து நீட்டினார்.

"எல்லாத்தையும் பாக்கணும்னு தானே தம்பி வந்தீங்க? புடிங்க. பினாயில் அதோ, கொழாயாண்ட."